சித்திரை ஒன்று, இரவுப் பணி

போனுக்குள் தீ சில சமயம் நீலமாகக்கூட எரிகிறது.
ஏழாவது மாடி. ஒன்பது பேர்.
இரண்டு நிமிடம் நாற்பது விநாடி.
என் பொம்மை வீரனுக்கு மூச்சு வாங்குவதில்லை.
அவன் குழாயில் தண்ணீர் தீர்வதில்லை.
எந்தக் கதவானாலும் விரலால் ஒரு தட்டு,
தூள்.
மூன்று நட்சத்திரம் விழும்.
நன்றி சொல்ல ஒருவரும் நிற்பதில்லை,
அதற்குள் அடுத்த கட்டடம் புகையத் தொடங்கியிருக்கும்.

பக்கத்துக் கட்டிலில் சவரியப்பன்
குரூப் டூ பரீட்சைக்குத் தேதிகளை மென்றுகொண்டிருந்தான்.
"ஏப்ரல் பதினாலு. சொல்லு பாப்போம்."
வருசப் பிறப்பு என்றேன்.
"அது கேள்வியில வராது."
அம்பேத்கர் பிறந்தது, தொண்ணூற்றொன்று.
லிங்கனைச் சுட்டது, அறுபத்தைந்து.
டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது, பன்னிரண்டு, ராத்திரி.
பம்பாய்த் துறைமுகம், நாற்பத்து நாலு.
பஞ்சுப் பொதியையும் வெடிமருந்தையும்
ஒரே கப்பலில் அடுக்கச் சொன்னது யாரென்று
எந்த வினாத்தாளும் கேட்பதில்லை.
அணைக்கப் போய்த் திரும்பாத அறுபத்தாறு பேருக்காக
காலையில் சட்டையில் சின்னக் கொடி குத்தி
இரண்டு நிமிடம் நிற்கப் போகிறோம்.
விளையாட்டில் இரண்டு நிமிடம் என்றால்
ஏழு உயிர்.

மூன்று பத்துக்கு மணி அடித்தது.
கானாடுகாத்தான். பால்காரர் பார்த்த புகை.
முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில்,
இரண்டிலும் பூட்டு.
நிலைக்கு மேலே சுதையில் லட்சுமி, இரண்டு யானை,
அடியில் 1912.
"டைட்டானிக்" என்றான் சவரி, ஹோசை இழுத்துக்கொண்டே.

பங்காளிகள் முப்பத்தெட்டுப் பேர்.
கிடைத்தது ஈப்போவிலிருக்கும் சேவுகன் செட்டியார் நம்பர்.
"வீட்டுல ஒருத்தரும் இல்லங்க,
கதவ மட்டும் தொட்டுறாதீங்க, பர்மாத் தேக்கு,
மத்த முப்பத்தேழு பேரையும் கேக்காம
நான் எப்படிங்க..."
ஸ்பீக்கரில் அவர் பேசிக்கொண்டே இருந்தார்.
புகை யாரையும் கேட்கவில்லை.

கதவை முதலில் நான் விரலால் தட்டினேன்.
சத்தியமாக.
சவரி பார்த்துவிட்டான்.

பிறகு கோடரி.
ஏழாவது வெட்டில் தேக்கின் எண்ணெய் மணந்தது.
பதினாறாவதில் என் தோள் என்னுடையதாக இல்லை.
கைநுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை,
அப்புறம் தாழ்ப்பாள், அப்புறம் இன்னொரு தாழ்ப்பாள்.
கட்டிவைத்தவர்கள்
உள்ளே வருகிறவனை நினைத்தே கட்டியிருக்கிறார்கள்.

இரண்டாம் கட்டு அறையில்
கல்யாண மெத்தைகள் அடுக்கடுக்காகக் கனன்றன.
வண்டித் தண்ணீர் அங்கேயே தீர்ந்தது.
ஊருணிக்குப் பம்பை இறக்க ஓடினார்கள்.
கொசுவத்திச் சுருளின் தகர மூடிக்குப் பக்கத்தில்
ஒரு கால்.

விளையாட்டில் எல்லா மனிதரும் ஒரே எடை.
இவர் கனத்தார்.
கைலி நனைந்திருந்தது, ஈரம் என் கழுத்தில் இறங்கியது,
ஒரு கை என் முதுகில் அடித்துக்கொண்டே வந்தது,
யாரோ பாராட்டுவதுபோல.

தெருவில் கிடத்தினோம்.
இருமினார், கரியாகத் துப்பினார்,
கதவைப் பார்த்தார்.
"ஏன்யா உடைச்சீக?
சாவி என் இடுப்புலதான இருக்கு."
எடுத்தும் காட்டினார். ஒரு சாண் இரும்பு.
பெயர் பொன்னழகு. காவலுக்குச் சேர்ந்து ஐந்து வாரம்.
சேர்த்த பங்காளி
மற்றவர்களிடம் சொல்லியிருக்கவில்லை.

எட்டு மணிக்கு வரிசையில் நின்றோம்.
கொடி. மாலை. மௌனம்.
அறுபத்தாறு பேரில் ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது.
அவர்களில் யாராவது
கதவுக்கு விலை கேட்டவனிடம் பதில் சொல்லியிருப்பாரா
என்று யோசித்தபடி நின்றேன். கை நடுங்கியது.
நாற்பதாவது விநாடியில் சவரி
உதடு அசையாமல் "இடுப்புல" என்றான்.
சிரிப்பை விழுங்கப் பார்த்தேன்,
மூக்கு வழியாக வந்தது.
நிலைய அலுவலர் முறைத்தார்.
முறைத்தபடியே
அவர் மீசையும் ஆடியது.

அறிக்கையில் எழுதினேன்:
மீட்கப்பட்டோர் ஒன்று.
சேதம், மெத்தை இருபத்திரண்டு, கதவு ஒன்று.

போனில் ஓர் அறிவிப்பு:
ஐந்து மணி நேரமாக உங்களைக் காணோம்,
நகரம் எரிகிறது, உடனே வாருங்கள்.

வேப்பம்பூப் பச்சடி கசந்துகொண்டிருந்த வாயோடு
கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்தேன்.